வீட்டிலே கச்சான் சோஸ் தயாரித்தல்

இலங்கைத் தமிழர் கச்சான் என்றும், தமிழ்நாட்டார் நிலக்கடலை அல்லது வேர்க்கடலை என்றும் வழங்கும் பயிர் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஐரோப்பியரின் கப்பல்கள் வாயிலாக அது கீழைத் தேசங்களை வந்தடைந்தது. யாவாத் தீவின் மக்கள் அதனை வறுத்தரைத்து, மிளகாய், புளி, கருப்பட்டி ஆகியவற்றைக் கூட்டி, அவித்த மரக்கறிகளின் மேல் ஊற்றி உண்ணலாயினர். அவ்வுணவு அங்கே 'காடோ காடோ' எனப்படும்.

கொழும்பு மாநகருக்கும் இச்சுவை புதியதன்று. 1656ஆம் ஆண்டு தொடக்கம் 1796ஆம் ஆண்டு வரை இந்நகர் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் யாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் போர்வீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்களே இலங்கை மலாயர். அவர்தம் விருந்துகளில் 'சாத்தே' என்னும் சுட்ட இறைச்சியுடன் கச்சான் சோஸ் பரிமாறப்படுகிறது. மரக்கறி உண்போரும் இதனைத் தம் வீடுகளில் எளிதிற் செய்துகொள்ளலாம்.

பயன்

100 கிராம் கச்சான் விதையில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உண்டு. பயற்றங்காய், கோவா, கரட் முதலியவற்றை வெறுக்கும் சிறுவரும் இந்தச் சோஸ் சேர்ந்தால் விரும்பி உண்பர். எனினும், நல்ல கச்சானிலிருந்து செய்த சோஸே நல்லுணவாகும். கெட்ட கச்சானிலிருந்து செய்தது நஞ்சாகவும் கூடும்.

கெட்ட மணியால் வரும் கேடு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுள் இறந்தன. அவற்றின் தீனியிற் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கே இதற்குக் காரணமெனப் பின்னர் தெரியவந்தது. அதிற் படிந்த அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுக்கு அஃபிளாடொக்சின் என்று பெயரிடப்பட்டது. இந்நஞ்சு சிறிது சிறிதாக நெடுநாள் உடலிற் சேர்ந்தால் ஈரலிற் புற்றுநோயை விளைவிக்கும். பெருமளவில் உட்சென்றால் விரைவில் உயிரையும் போக்கும். 2004ஆம் ஆண்டு கென்யாவில் பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்றனர். அவர்களுள் 125 பேர் மாண்டனர்.

இப்பூஞ்சணம் மண்ணில் வாழ்வது. கச்சான் காய் மண்ணுள்ளே விளைவதால் வயலிலேயே அது பற்றக்கூடும். பிடுங்கிய காயை நன்கு உலர்த்தாது குவித்து வைத்தால் அது விரைந்து பெருகும். ஆகவே, மொனராகலை, முல்லைத்தீவு முதலிய இடங்களில் இப்பயிரைச் செய்வோர் காயைக் காலந் தாழ்த்தாது வெயிலில் உலர்த்துதல் இன்றியமையாதது. உலர்ந்த விதையும் ஈரக்காற்றுப் பட்டால் மீண்டும் ஈரமேற்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கடலை அண்டிய பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுதியாதலால், இல்லத்தரசிகள் இதிற் கூடிய கவனம் செலுத்துதல் வேண்டும்.

வறுக்கும் சூடு பூஞ்சணத்தைக் கொல்லுமாயினும், அது விட்டுச் சென்ற நஞ்சை முற்றாக அழிப்பதில்லை. கச்சானை அப்படியே கொறிக்கும்போது கசக்கும் மணியை நாம் துப்பிவிடுகிறோம். அரைத்த பின்னரோ கெட்ட மணியைக் காணவும் இயலாது, நீக்கவும் இயலாது. மிளகாயும் புளியும் அதன் கசப்பை மறைத்துவிடும். ஆதலால், சோஸின் நன்மையும் தீமையும் அரைப்பதற்கு முன்னரே தீர்மானிக்கப்படுகின்றன.

தெரிந்தெடுத்தல்

1. கோதுடன் கூடிய கச்சான் கிடைப்பின் அதையே வாங்குக. உடைந்த கோதும் துளைபட்ட கோதும் ஆகா.

2. உடைத்த விதையாயின் ஒரு வாரத் தேவைக்கு மேல் வாங்கற்க.

3. விதைகளைச் சுளகிற் பரப்பி வெளிச்சத்தில் ஆராய்க. சுருங்கியவை, கறுத்தவை, நிறம் மாறியவை, பச்சை அல்லது மஞ்சட் பூஞ்சணம் படிந்தவை, முளைவிட்டவை ஆகியவற்றை நீக்குக. நஞ்சு பெரும்பாலும் சில மணிகளிலேயே செறிந்திருக்குமாதலால், இந்த ஒரு வேலையே பெரும் பாதுகாப்பாகும்.

4. பூஞ்சண மணம் வீசும் கச்சானை முழுதாகவே எறிந்துவிடுக. அதனைக் கோழிக்கோ ஆட்டுக்கோ இடலாகாது.

தேவையான பொருட்கள் (ஆறு பேருக்கு)

கச்சான் விதை 200 கிராம்
செத்தல் மிளகாய் 4
சின்ன வெங்காயம் 4
உள்ளி 3 பல்
பழப்புளி சிறு நெல்லிக்காயளவு
கருப்பட்டி அல்லது பனங்கட்டி 30 கிராம்
தேசிக்காய் பாதி
தேங்காய் எண்ணெய் 1 தேக்கரண்டி
வெந்நீர் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர்
உப்பு அளவாக

செய்முறை

தாச்சியில் விதைகளை இட்டு, மெல்லிய நெருப்பிற் கைவிடாது கிளறி வறுக்குக. தோல் வெடித்து, பருப்பு இளம் பொன்னிறமானதும் இறக்குக. இறக்கிய பின்னும் உட்சூட்டினால் அது சிறிது சிவக்கும். ஆதலால் கருகும்வரை காத்திருத்தல் கூடாது. ஆறியபின் உள்ளங்கையாற் தேய்த்துத் தோலைப் புடைத்து நீக்குக. இவ்வேளையில் மணிகளை மறுபடியும் ஒருமுறை ஆராய்க. தோலினுள் மறைந்திருந்த கறை இப்போது தெரியும். ஒன்றிரண்டைச் சுவைத்தும் பார்க்கலாம்.

பின்னர் கச்சானை நீர் சேர்க்காது அம்மியிலோ மின்சார அரைப்பானிலோ அரைக்குக. முதலில் மாவாகவும், தொடர்ந்து அரைக்க எண்ணெய் கசிந்து களியாகவும் வரும். மிளகாய், வெங்காயம், உள்ளி ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் வதக்கித் தனியே அரைத்து இதனுடன் சேர்க்குக. புளியைக் கரைத்து வடித்து, கருப்பட்டி, உப்பு ஆகியவற்றுடன் கலக்குக.

அடுத்து வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுக. முதலில் ஊற்றும் நீரினால் களி இளகாது, முன்னிலும் இறுகும். இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கச்சானிலுள்ள மாவும் புரதமும் நீரை உறிஞ்சுவதே காரணம். மேலும் நீர் சேர்க்க அது குழைந்து, கரண்டியிலிருந்து மெல்ல வழியும் பதத்தை அடையும். பின் இரண்டு நிமிடம் மெல்லிய நெருப்பிற் கொதிக்கவிட்டு இறக்கி, தேசிக்காய்ச் சாற்றைப் பிழிக.

பரிமாறலும் பாதுகாத்தலும்

அவித்த பயற்றங்காய், உருளைக்கிழங்கு, முளைப்பயறு, வெள்ளரித் துண்டுகள், அவித்த முட்டை ஆகியவற்றின்மேல் இதனை ஊற்றிப் பரிமாறலாம். எஞ்சியதை மூடிய கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுள் முடித்தல் நன்று. வெந்நீருக்குப் பதிலாகத் தேங்காய்ப் பால் சேர்த்திருந்தால் அன்றே உண்க. வறுக்காத விதையையும் காற்றுப் புகாத கலத்திலேயே வைத்தல் வேண்டும்.

சிலரது உடல் கச்சானை ஏற்பதில்லை. அவர்களுக்குச் சிறிதளவும் மூச்சுத் திணறலையும் உயிராபத்தையும் விளைவிக்கக்கூடும். விருந்தினருக்குப் பரிமாறும்போது இதிற் கச்சான் உண்டென முன்னரே அறிவித்தல் கடமையாகும்.

நல்ல சோஸ் சமைப்பதற்கு அம்மி, அரைப்பான் எதுவாயினும் உதவும். ஆயினும் சுளகும் வெளிச்சமும் கவனமுள்ள கண்ணுமே முதற்கருவிகள். கெட்ட கச்சானை வீசுவதில் இழப்பு சில ரூபாய்களே. அதை அரைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டுவதால் வரும் இழப்பை எவரும் ஈடுசெய்ய இயலாது.