எண்ணிப் பார்த்தவர் யார்?

நாயுடுபுரத்தில் கூட்டம் முடிந்து, குளிருக்கு ஒதுங்கித் தேநீர்க் கடையில் நின்றோம். வாடகை வண்டி ஓட்டும் தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, வாரநாளிலே நாலாயிரம் வண்டி, சனி ஞாயிறிலே ஆறாயிரம் வண்டின்னு கோர்ட்டு சொல்லிச்சே, அந்தக் கணக்கை எந்தப் புத்தகத்தைப் பார்த்து எடுத்தாங்க?"

கேள்வியா அது! ஈட்டி!

2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு இ-பாஸ். உயர்நீதிமன்றத்தின் ஆணை. இந்த மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. 2025 கோடைப் பருவத்துக்கு 4,000 என்றும் 6,000 என்றும் தற்காலிக வரம்பு வந்தது. வரம்பையே நாம் வெறுக்கவில்லை. மலை சரிந்தால் முதலில் மண்மூடிப் போவது மாளிகையல்ல, ஏழையின் கூரை! ஆனால், 2024-இல்தானா இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்படுவது?

இதே மலையில் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தகடுகளிலே காத்து வைத்திருக்கிறார்கள். ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள கதிரவன் முகத்துக் கரும்புள்ளிக்குக் கணக்கு உண்டு. காலடியிலே உருளும் சக்கரத்துக்கு?

போக்குவரத்துக்கென்று தனி நூலகம் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். கதைப் புத்தகமா அங்கே? எந்த வளைவில் எப்போது மண் சரிந்தது, எத்தனை அங்குலம் மழை, எந்தப் பாலத்தில் விரிசல், எந்தத் திருப்பத்தில் எத்தனை பேர் மாண்டனர் - இவை அடுக்கி வைக்கப்பட்ட இடம் அது. அந்த ஏடு இல்லையேல், மாற்றலாகி வரும் பொறியாளர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். மலை மட்டும் தன் பழைய இடத்திலேயே மறுபடி சரியும். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1958-இலேயே இதற்கெனத் தனி நூலகம் கண்டது. விமானத்திலே பரிமாறிய உணவுப் பட்டியலைக்கூட அங்கே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்!

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டோம். டில்லியில் 1952-இல் திறந்த மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. கிண்டியில் 1957 முதல் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வாசல் பொறியாளருக்கு. ஓட்டுநர் எங்கே போவார்?

மோட்டார் ஏறாத காலத்தில் துரைமார்களைத் தோளிலே சுமந்து இந்த மலை ஏறினான் தமிழன். அவன் தோள் காய்த்த கணக்கு எந்தப் பதிவேட்டிலே? 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பேருந்து மக்கள் சொத்தானது. பேருந்தோடும் பாதையைப் பற்றிய அறிவு மட்டும் ஏன் பூட்டிய பெட்டிக்குள்?

மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. அதிலே போக்குவரத்துக்கு ஒரு தனிப்பிரிவு, தமிழில், வேண்டும். ஆய்வின் முடிவு எதுவானாலும் தமிழாக்கப்பட்டு, நாயுடுபுரத்துப் படிப்பக மேசைக்கு ஒரு படி வரவேண்டும். முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்து வளர்ந்த இயக்கம் நாம். சாலைக் கணக்கா நமக்குப் புரியாது?

இதை அந்தத் தோழரிடம் சொன்னோம். டம்ளரைக் கீழே வைத்தார்.

"வரட்டும்ணே. எந்த வளைவை விட்டுட்டாங்கன்னு நான் எழுதித் தாரேன்."