கடைசியில் போட வேண்டிய கிழங்கு

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பல வருடமாக வயிறு அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு வாரம் கட்டிக்கொள்ளும்; மறுவாரம் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் ஓட வைக்கும். இடையில் உப்புசம், ஏப்பம், அடிவயிற்றில் முறுக்கல். சேலத்தில் டாக்டர்கள் ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். புண்ணோ கட்டியோ இல்லை, ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய் என்று சொல்லிவிட்டார்கள். சீனாவில் மருத்துவம் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வரும்போது, அங்கே ஒரு வைத்தியரிடம் சொல்லிக் கஷாயப் பொட்டலங்கள் வாங்கி வந்திருக்கிறான். "குடிச்சுப் பாருங்க மாமா, அங்க எல்லாரும் குடிக்கிறாங்க" என்கிறானாம். உறையில் எழுதியிருந்த சரக்குகளில் ஒன்றைத் 'தா ஹுவாங்' என்று படித்துக் காட்டியிருக்கிறான். அது என்ன, குடிக்கலாமா என்று கேட்கிறார் வாசகர்.

குடிக்கலாமா என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. அது யார் என்று சொல்ல முடியும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னிக் கிழங்கு என்று கேட்டுப் பாருங்கள், மஞ்சள் பாய்ந்த துண்டுகளாக எடுத்துப் போடுவார்கள். அதன் சீனத்து அண்ணன்தான் தா ஹுவாங். நம் கடைக்கு வருவது பெரும்பாலும் இமயமலைச் சரிவில் தோண்டியது. சீனர்கள் மருந்துக்கு எடுப்பது கான்சு, சிங்ஹாய், சிச்சுவான் மலைகளில் விளையும் வேறு இனங்கள். குடும்பம் ஒன்றுதான்.

நாடி, நாக்கு, வாதம், பித்தம் எல்லாம் நம் வாசகர்களுக்குப் புதிதில்லை. சீன வைத்தியரும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துத்தான் பார்க்கிறார்; நாக்கை நீட்டச் சொல்லி அதில் படிந்த மாவைப் பார்க்கிறார். நம் சித்த வைத்தியரின் எண்வகைத் தேர்வோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் பக்கம் போதாது. எனக்கு வியப்பு இந்தக் கிழங்கில்தான்.

முதல் வியப்பு, இது இரண்டு பக்கமும் பேசும். அதிக அளவில் கொடுத்தால் பேதியாகும். மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் மலம் கட்டும். பேதிக்குக் காரணம் ஆந்த்ராகுவினோன் என்ற வகைப் பொருள்கள். கட்டுவதற்குக் காரணம் டானின், அதாவது கடுக்காயில் நாக்கைச் சுருக்கும் அந்தத் துவர்ப்பு. இரண்டும் ஒரே வேரில் குடியிருக்கின்றன. அதனால் பேதியாகி முடிந்தபின் டானின் தன் வேலையைக் காட்டும். முன்பைவிடக் கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். வாசகரைப் போல ஒரு வாரம் அப்படி, ஒரு வாரம் இப்படி என்று அல்லாடும் வயிற்றில் இது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கொதிக்கும் நேரம். பேதி வேண்டுமென்றால் கிழங்கை மற்றச் சரக்குகளோடு சேர்த்துக் கொதிக்க விடக் கூடாது. எல்லாம் கொதித்து வற்றியபின் கடைசியில் போட்டுச் சில நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். என் வீட்டு ரசம்போலத்தான். நுரைகட்டியதும் இறக்காமல் பேச்சில் மறந்து கொதிக்க விட்டால் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். நீண்ட நேரம் கொதித்தால் பேதிச் சத்து சிதைந்துபோகும், டானின் தாங்கி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. சுமார் 1800 வருடங்களுக்கு முன் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர், நான்கு சரக்குப் பேதிக் கஷாயம் ஒன்றுக்கு எதை முதலில் போடுவது, கிழங்கை எப்போது போடுவது, உப்பை எப்போது கரைப்பது என்று படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார். இன்றும் சீன மருந்துச் சீட்டில் தா ஹுவாங்குக்குப் பக்கத்தில் 'பிறகு போடவும்' என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு இருப்பதும் இல்லாததும் இரண்டு வேறு மருந்துகள். அக்கா மகன் சரக்கின் பெயரைப் படித்துக் காட்டினான், சரி. பக்கத்தில் வேறெதுவும் எழுதியிருந்ததா?

அதோடு முடியவில்லை. அரிசி மதுவில் ஊறவைத்து ஆவியில் அவிப்பார்கள், கிழங்கு கறுத்துப்போகும்வரை. பேதி வேகம் அடங்கிவிடும். அதை வேறு நோய்களுக்குக் கொடுப்பார்கள். இரும்புச் சட்டியில் மேல்பக்கம் கரியாகும்வரை வறுத்து எடுத்தால், ரத்தக் கசிவை நிறுத்தக் கொடுப்பார்கள். பச்சை, மதுவில் அவித்தது, கருக்கியது என்று ஒரே கிழங்கு கடையில் வேறு வேறு டப்பாவில் இருக்கும். நம்மிடம் இந்தக் கலைக்குச் சுத்தி என்று பெயர். நேர்வாளக் கொட்டையைச் சாணநீரில் வேகவைத்து, தோலுரித்து, உள்ளே இருக்கும் முளையைக் கிள்ளி எறிந்த பிறகே சித்த மருத்துவத்தில் சேர்ப்பார்கள். செய்யாமல் கொடுத்தால் ஆளைக் கிடத்திவிடும். ஆனால் சுத்தி செய்த சரக்கா, செய்யாததா என்று கடையில் கேட்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? பொட்டலம் நூறு ரூபாயா இருநூறா என்று கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த மூன்றாவது வியப்பு குடலுக்குள் நடக்கிறது. கிழங்கில் இருக்கும் செனோசைடு என்ற பொருளுக்குத் தானாக ஒன்றும் செய்யத் தெரியாது. சர்க்கரையோடு பிணைந்திருப்பதால் சிறுகுடல் அதை உறிஞ்சாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அந்தப் பிணைப்பை உடைத்து, ரெயின் ஆந்த்ரோன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அதுதான் குடலை முறுக்கித் தள்ள வைக்கிறது, நீரை உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. அதாவது மருந்து கடையிலும் முழுதாகத் தயாராகவில்லை, அடுப்பிலும் தயாராகவில்லை. கடைசிக் கட்டத்தைச் செய்து முடிப்பது நம் பெருங்குடல் கிருமிகள். ராத்திரி குடித்தால் காலையில்தான் வேலை செய்வது இதனால்தான். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கிழங்கு மந்தமாகிவிடுவதும் இதனால்தான். 'அவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லையே' என்பதற்கு ஒரு காரணம் வைத்தியரின் கைராசியில் இல்லை, அவரவர் குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இந்தச் செனோசைடை முதலில் பிரித்தெடுத்தது ரேவல்சின்னியிலிருந்து இல்லை. 1941இல் ஆர்தர் ஸ்டோல் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாரும் உடனிருந்தவர்களும் அதை எடுத்தது சென்னா இலையிலிருந்து. சென்னா யார்? நம் நிலாவாகைதான், நிலாவாரை என்றும் சொல்வார்கள். அரபுப் பக்கத்துச் செடி, திருநெல்வேலி, தூத்துக்குடி வறண்ட காட்டில் ஊன்றிக்கொண்டு, 'டின்னவேலி சென்னா' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. இன்றும் போகிறது. சீனர்களின் மருந்துப் பட்டியலிலும் அந்த இலை இருக்கிறது, அங்கே அதற்குப் பெயர் 'அந்நிய நாட்டுப் பேதி இலை'. நமக்கு அவர்கள் கிழங்கு சீனத்துச் சரக்கு, அவர்களுக்கு நம் இலை அந்நியச் சரக்கு. இரண்டிலும் வேலை செய்வது ஒரே பொருள். கடல் கடந்து வந்த பொட்டலத்தை மரியாதையாகப் பிரிக்கும் நாம், உள்ளூர்க் கடையில் அதே சத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒப்பந்தம் போட்டு மருந்துக்கூர்க்கன் விளைவித்துக் கொடுக்கும் விவசாயிகளில் பலருக்கு அந்த வேர் எந்த நாட்டில் எந்த நோய்க்கு மாத்திரையாகிறது என்று தெரியாது. இதுவும் அந்தக் கதைதான்.

சீனர்கள் இந்தக் கிழங்குக்கு வைத்த பட்டப்பெயர் தளபதி. தளபதியைப் போருக்கு அனுப்பலாம், தினமும் வீட்டு வாசலில் நிறுத்தி வைக்க முடியாது. அவர்களுடைய மிகப் பழைய மருந்து நூல் சரக்குகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது: தினம் உண்டாலும் கெடுதல் இல்லாதவை, பார்த்து உண்ண வேண்டியவை, நோய் தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டியவை. தா ஹுவாங் மூன்றாவதில் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களுக்கு அதன்மேல் இருந்த மோகம் சீன அதிகாரிகளுக்கே வேடிக்கையாக இருந்திருக்கும் போல. 1839இல் அபினி வியாபாரத்தை எதிர்த்து லின் சேஷு என்ற அதிகாரி விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில், தேயிலையும் இந்தக் கிழங்கும் கிடைக்காவிட்டால் வெளிநாட்டார் ஒருநாளும் தாங்க மாட்டார்கள் என்ற ரீதியில் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு பேரரசு இன்னொரு பேரரசை மலச்சிக்கலைச் சொல்லி மிரட்டியது சரித்திரத்தில் இந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

சரி, சீன மருந்து ஐ.பி.எஸ்.ஸுக்குக் கேட்குமா? ஒழுங்காகச் செய்த ஒரு சோதனை ஞாபகம் வருகிறது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது, ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஐ.பி.எஸ். உள்ள 116 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே சீனக் கூட்டு மருந்து, ஒரு பிரிவுக்கு ஆளைப் பார்த்து அவரவருக்கென்று சேர்த்த மருந்து, மூன்றாவது பிரிவுக்கு வெறும் போலி மாத்திரை. 16 வாரத்தில் மருந்து எடுத்த இரண்டு பிரிவுக்கும் போலியைவிட நல்ல குணம் தெரிந்தது. மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஆளைப் பார்த்துக் கொடுத்த பிரிவுக்குத்தான் குணம் நிலைத்திருந்தது. ஒரு சோதனையை வைத்துக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனாலும் அது சொல்வதை வாசகர் கவனிக்க வேண்டும். அந்த வைத்தியர்கள் நோயாளியை நேரில் பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், அவ்வப்போது மருந்தை மாற்றினார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் வயிற்றுக்கு, அதைப் பார்க்காமலேயே சீனாவில் கட்டிய பொட்டலம் எந்தப் பிரிவில் சேரும்?

சரக்கு சரியான சரக்குதானா என்பது இன்னொரு கவலை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மருந்து கொடுத்த ஒரு மருத்துவ நிலையத்தில், ஒரு சீன வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு வேர் மாத்திரையில் சேர்ந்துவிட்டது. அதில் இருந்தது அரிஸ்டோலோகிக் அமிலம். நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் கெட்டது, பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. 1993இல் மருத்துவ இதழில் வெளிவந்த பிறகே உலகம் விழித்தது. சீனச் சரக்கில்தான் இப்படி என்று நிம்மதி அடைய வேண்டாம். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம், அதே அமிலம். ரேவல்சின்னியிலும் குழப்பம் உண்டு. பழைய மருந்து நூல்களில் ரேவல்சின்னிப் பால் என்று வருவது இந்தக் கிழங்கின் பால் இல்லை. வேறொரு மரத்தின் மஞ்சள் பிசின், இதைவிடப் பல மடங்கு முரட்டுப் பேதி.

இப்போது எனக்கு உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எங்களுக்கு விளக்கெண்ணெய் நாள் என்று ஒன்று உண்டு. மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள், அன்று பள்ளிக்கூடம் இல்லை, மதியம் மோர் சாதம். பிறகு மாதக் கணக்கில் அந்தப் பேச்சே வராது. சித்தர் தேரையர் பேதிக்குச் சொல்லும் கணக்கும் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான். சீன நூலும் நிறுத்து என்கிறது, சித்தரும் எப்போதாவது என்கிறார். நாமோ தினம் ராத்திரி ஒரு ஸ்பூன் சூரணத்தை வெந்நீரில் போட்டுக் குடித்துவிட்டு, 'மூலிகைதானே, ஒன்றும் செய்யாது' என்று படுத்துக்கொள்கிறோம். உடல் இளைக்க என்று பெட்டியில் விற்கும் சில டீத்தூள்களை வாங்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்தச் சென்னா இலை. இளைப்பது உடம்பு இல்லை, உடம்பில் இருக்கும் தண்ணீர். ஓயாத பேதியில் பொட்டாசியமும் சேர்ந்து போகும். நீர் மாத்திரையோ டிகாக்சின் போன்ற இதய மாத்திரையோ சாப்பிடும் பெரியவர்களுக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. கர்ப்பிணிகள் தாங்களாகத் தொடவே கூடாது.

மாதக்கணக்கில் இப்படிக் குடித்தவர்களுக்குக் குழாய் விட்டுப் பார்க்கும்போது டாக்டருக்கு ஒரு காட்சி தெரியும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய பெருங்குடலின் உட்சுவர் பழுப்பாக, சிலருக்குக் கறுப்பாகவே மாறியிருக்கும். மெலனோசிஸ் கோலை என்பார்கள். ஆந்த்ராகுவினோன் தொடர்ந்து பட்டதில் குடல் உறை அணுக்கள் மடிந்து, அந்தக் கழிவு நிறமாகப் படிந்துவிட்டது. அதுவே புற்றுநோய் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் நோயாளி வாயால் சொல்லாத பழக்கத்தைக் குடல் எழுதி வைத்திருக்கிறது. 'மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா' என்று கேட்டபோது 'ஒண்ணுமில்லைங்க' என்றவர்கள்தான் இதில் அதிகம். சூரணத்தை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாசகர் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடமோ, தன்னைப் பார்க்கும் குடல் டாக்டரிடமோ போகலாம். அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு இருக்கிறது, சீட்டுக்குக் காசில்லை. பச்சைக் கிழங்கா அவித்ததா, எப்போது போட வேண்டும், எத்தனை நாள் என்ற மூன்றையும் அக்கா மகனைக் கொண்டு அந்தச் சீன வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கியபின் போவது நல்லது. உடல் எடை தானாகக் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, கறுப்பாகப் போனாலோ, ரத்தசோகை என்று சொன்னாலோ எந்தக் கஷாயமும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

ஏற்கெனவே தினம் பேதிச் சூரணம் குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் சில நாள் ஒன்றுமே நடக்காது, பயந்துபோய் மறுபடி டப்பாவைத் திறப்பார்கள். மருத்துவரைக் கேட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அந்த இடத்தில் இசப்கோல் உமியும் தாராளமாகத் தண்ணீரும் சேர்த்து, காலைச் சாப்பாடு முடிந்ததும் தினம் ஒரே நேரத்தில் போய் உட்கார வேண்டும். குடல் பழைய வேலைக்குத் திரும்பச் சில வாரம் பிடிக்கும். கறுத்த உறை பழைய நிறத்துக்கு வர மாதங்கள் ஆகும், ஆனால் வந்துவிடும்.