கம்பி இல்லாத காம் போர்ட்!

பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒன்பது ஊசி உள்ள ஒரு சொருகுவாய் பார்த்திருக்கீங்களா? அதுதான் சீரியல் போர்ட். 1960-இல் வந்த ஆர்எஸ்-232 முறை. எலக்ட்ரானிக் தராசு, கடல்மட்டம் அளக்கும் கருவி எல்லாம் இதன் வழியாக ஒவ்வொரு பிட்டாகப் பேசும். கம்பி சுமார் 15 மீட்டருக்கு மேல் போனால் பேச்சு குழற ஆரம்பிக்கும்.

2004 டிசம்பர் 26 காலையில் நம்ம ஊருக்கு முன்கூட்டிச் சொல்ல யாருமில்லை. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. கருவி கடலில், கம்ப்யூட்டர் ஹைதராபாத்தில். 15 மீட்டர் கம்பி எங்கே எட்டும்? நடுக்கடல் மிதவைக்குச் செயற்கைக்கோள்தான் தூது.

நெட்வொர்க் இருக்கும் இடத்தில் இன்னொரு வழி உண்டு. கருவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அது சொல்வதைப் பொட்டலம் கட்டி அனுப்பும். இந்தப் பக்கம் ஒரு மென்பொருள் "நான்தான் காம் 5" என்று வேஷம் போடும். பழைய புரோகிராம் அப்படியே நம்பிடும்! வேகத்தை 9600 என்று மாற்றினால் அதுவும் பெட்டிக்குப் போய்ச் சேரும். 1997-இல் இதற்கென்றே ஆர்எஃப்சி 2217 என்ற விதிமுறை எழுதினார்கள்.

ஆனால் ஒரு ஆபத்து. நடுவில் லைன் அறுந்தாலும் வேஷக்காரன் மேடையை விட்டு இறங்காமல் நிற்கலாம். போர்ட் திறந்தே இருக்கும், எண் மட்டும் வராது. கடல் அமைதியா, லைன் கட்டா? அதனால்தான் மாற்றமே இல்லாவிட்டாலும் கருவி நேரம் போட்டு ஓர் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கணும். அது வராமல் தாமதமானால் கம்ப்யூட்டர் உடனே மணி அடிக்கணும்.