உப்புக்காற்றில் ஒரு கீபோர்டு குடும்பம்!

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். என் மகள் சேர்ப்பதோ கம்ப்யூட்டர் கீபோர்டு! கல்லூரி நாளில் ஆரம்பித்தது, இன்று 17 ஆகிவிட்டது. கூடவே ஒரு தமிழ் டைப்ரைட்டரும் உண்டு. "இன்னாம்மா இது, காயலாங்கடையை ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிக்கினு!" என்று என் மாமியார் கேட்காத நாளில்லை. நான் மட்டும் மகள் கட்சி. அதற்குக் காரணத்தையும், கடலோர வீட்டில் இவற்றைக் காப்பாற்றும் வழியையும் சகோதரிகளுக்குச் சொல்லலாமே என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு கீபோர்டின் முதுகிலும் ஒரு சீட்டு கட்டி வைத்திருக்கிறாள். எந்த வருடம், எங்கே, யார் கையில் இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். எதிர் வீட்டு அக்கா கம்பெனியில் பில் அடித்தது ஒன்று. திருவொற்றியூரில் ஒரு தட்டச்சுப் பள்ளியை மூடியபோது வந்தது அந்த டைப்ரைட்டர். எங்கள் குப்பத்தில் ஆண்களின் உழைப்புக்கு அடையாளமாகப் படகும் வலையும் கரையிலேயே கிடக்கின்றன. மீன்கூடை சுமந்தவர்களின் மகள்கள் படித்து வேலைக்குப் போனார்களே, அதற்கு அடையாளம் எது? இந்தத் தேய்ந்த பொத்தான்கள்தானே!

தமிழின் கதையும் இதில் இருக்கிறது. 247 எழுத்தையும் ஒரு சின்ன இயந்திரத்துக்குள் அடக்குவது லேசா? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா போன ஆர்.முத்தையா, 1930-களில் தமிழ் டைப்ரைட்டருக்கு விசைப்பலகை அமைத்தார். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி 'தமிழ் 99' முறை வந்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். டைப்ரைட்டரையும் 'தமிழ் 99' ஒட்டிய கீபோர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடத்தலாம். சென்னைக் கம்பெனியான டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் 'கோல்டு' கீபோர்டும் இருக்கிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். 'டிக், டிக்' சத்தம் தெருவுக்கே கேட்கும்!

இனி, காப்பாற்றும் விஷயம். எங்கள் ஊரில் முதல் எதிரி உப்புக்காற்று. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர் விடுகிறதல்லவா? காற்றில் வரும் உப்பும் அப்படித்தான் ஈரத்தை இழுத்து, ஸ்பிரிங்கையும் பிளக் முனையையும் துருப்பிடிக்க வைக்கிறது. நிலக்கரித் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சுத்தம் செய்யும் முன் கீபோர்டை ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாது. கழற்றிய பொத்தான்களைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் ஒருநாள் முழுக்க உலர்த்த வேண்டும். உள்பக்கம் தண்ணீர் படக் கூடாது, பிரஷ் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீர்கள். பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

ஒயரை இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்ட் போடாதீர்கள். வெயில் காலத்தில் ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒயர் மேலேயே படிந்து கிடந்தால் பிளாஸ்டிக்கில் தழும்பு விழும். நடுவில் ஒரு துணி வையுங்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவதும் வேண்டாம். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக வைக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவும், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலமும் போதும். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதேதான். சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடுக்கினால் கடை மாதிரி ஆகிவிடும். ஆறு மட்டும் வெளியே, மற்றவை டப்பாவில், மாதம் ஒருமுறை மாற்றிக் கொள்கிறோம். ஆசாரியிடம் சொல்லி, சரிவான மரத்தட்டுகள் அடித்தோம். கீபோர்டு வழுக்கி விழாமல் முன்னால் ஒரு ரீப்பர் கட்டை. பெரிய கீபோர்டு ஒன்றரை அடி நீளம் இருக்கும், அளந்து சொல்லுங்கள். கடல் பார்த்த சுவரும், வெயில் விழும் ஜன்னலும் ஆகாது. வெயில் பட்டால் வெள்ளை கீபோர்டு மஞ்சளாகிவிடும். சுவரில் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, பழைய காட்டன் புடவையில் ஒரு திரை போட்டால் செலவும் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் கழிமுகத்தில் கலந்து வந்ததைப் படித்திருப்பீர்கள். எங்கள் அடித்தட்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருப்பது அதனால்தான்.

ஆயுத பூஜைக்கு என்ஜினோடு கீபோர்டுக்கும் பொட்டு உண்டு. ஆனால் சந்தனத்தைப் பொத்தான் இடுக்கில் வைக்காமல் பின்பக்கம் வைத்துத் துடைத்துவிடுங்கள்.

இப்போது ஒரு சிக்கல். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "அதுக்குள்ள ஹாலைக் காலி பண்ணு, வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறார் என் கணவர். எடைக்குப் போட்டால் நூறோ இருநூறோ வரும். வாங்கிப் போகிறவர்களில் சிலர் செம்புக்காக ஒயரைத் திறந்த வெளியில் எரிப்பார்கள். அந்த நச்சுப் புகையை இந்த வடசென்னைதான் சுவாசிக்க வேண்டும். அது கிடக்கட்டும். வருகிறவர்கள் நகையைப் பார்ப்பார்கள், சமைப்பாளா என்று கேட்பார்கள். இவள் எதை ஆசையாய்ச் சேர்க்கிறாள், எவ்வளவு பொறுமையாய்ப் பாதுகாக்கிறாள் என்பதையும் பார்க்கட்டுமே! திரையை விலக்கியே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெண்ணின் பொழுதுபோக்குக்கு உங்கள் வீட்டில் எத்தனை அடி சுவர் ஒதுக்கியிருக்கிறீர்கள்? சகோதரிகள் எழுதுங்களேன்!

– ஒரு வாசகி, நெட்டுக்குப்பம், எண்ணூர்.