மியூகார்மைகோசிஸ் நோயை ஆய்வகத்தில் இனங்காணல்

2021ஆம் ஆண்டு கோவிட் இரண்டாம் அலையின்போது இந்திய மருத்துவமனைகளில் மியூகார்மைகோசிஸ் நோயாளிகள், குறிப்பாகக் கட்டுப்படாத நீரிழிவு உடையோர், பெருகினர். அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதனைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. ஊடகங்கள் வழங்கிய 'கருப்புப் பூஞ்சை' என்னும் பெயர் பொருந்தாப் பெயராகும். மியூகோரேல்ஸ் வரிசைப் பூஞ்சைகளின் இழைகளில் கருநிறமி இல்லை. அவை இரத்தக் குழாய்களை ஊடுருவி அடைப்பதால் இறந்துபடும் திசுவே கருமையாகத் தோன்றுகிறது. கருநிறமி உடைய பூஞ்சைகள் வேறு உள்ளமையால், கலைச்சொல் ஆக்குவோர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும்.

நோயை இனங்காண்பதில் முதற்சான்று நுண்ணோக்கியே. திசுத்துணுக்கின் மீது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை இட்டால் மனிதச் செல்கள் கரைந்து, பூஞ்சை இழைகள் எஞ்சும். கால்கோஃபுளோர் சாயம் சேர்ப்பின் அவை புறஊதா ஒளியில் ஒளிரும். மியூகோரேல்ஸ் இழைகள் அகன்று, நாடாபோல் மடிந்து, குறுக்குச் சுவர்கள் அரிதாக, ஏறத்தாழச் செங்கோணத்தில் கிளைக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் இழைகளோ மெலிந்து, குறுக்குச் சுவர்களுடன் குறுங்கோணத்தில் கிளைக்கும். இவ்வேறுபாடு சிகிச்சையையே மாற்றவல்லது. ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதன்மையாக வழங்கப்பெறும் வோரிகோனசோல் மியூகோரேல்ஸ் மீது செயற்படாது. அதற்கு ஆம்போடெரிசின் பி தேவை. அம்மருந்தோ சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. எனவே இரு திசையிலும் பிழைக்கு இடமில்லை.

நுண்ணோக்கியில் இழை தெளிவாகக் காணப்பட்டும் வளர்ப்பில் எதுவும் வளராமை இந்நோயில் அடிக்கடி நிகழ்கிறது. இதற்கு ஒரு காரணம் ஆய்வக மேசையிலேயே உள்ளது. பாக்டீரியா ஆய்வுக்குச் செய்வதுபோல் திசுவை அரைத்தால், குறுக்குச் சுவரற்ற இழை சிதைந்து உள்ளடக்கம் வெளியேறி உயிரிழக்கும். ஆகவே திசுவை அரைக்காமல் சிறு துண்டுகளாக நறுக்கிச் சபரோ அகரில் இடுதல் வேண்டும். சைக்ளோஹெக்சிமைடு கலந்த ஊடகம் ஏற்றதன்று. அது இப்பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கும். வளர்ந்தபின், வேரிகள் வித்தகக்காம்பின் நேர் அடியில் அமைந்திருப்பின் ரைசோபஸ் எனவும், வேரிகளே இல்லையெனில் மியூகார் எனவும் பேரின அளவில் பிரித்தறியலாம்.

இப்பூஞ்சைகளின் வித்துகள் காற்றில் பரவலாக உள்ளன. எனவே மூக்குத் துடைப்பான் மாதிரியில் வளர்ந்தது என்பது மட்டும் நோய்க்குச் சான்றாகாது; திசுவினுள் இழை காணப்படுதல் வேண்டும். இரத்தத்தில் செய்யப்பெறும் பீட்டா-டி-குளுக்கான், கேலக்டோமன்னன் சோதனைகளும் இந்நோயைக் காட்டா. அவை எதிர்மறையாக வந்தமையால் பூஞ்சைத் தொற்றே இல்லை என முடிவு செய்தல் தவறு. மாதிரியுடன் வரும் படிவத்தில் 'மியூகார்மைகோசிஸ் ஐயம்' என்னும் குறிப்பு இருந்தால்தான் ஆய்வகப் பணியாளர் திசுவை அரைக்காமல் நறுக்குவார். அக்குறிப்பை எழுத வேண்டியவர் மாதிரியை அனுப்பும் மருத்துவரே.