உட்கார்ந்தால் சரியாகிற நெஞ்சுவலி

மண்வெட்டி பிடித்துப் பத்து நிமிடம் வரப்பு வெட்டினால் நெஞ்சை அழுத்துகிறது. நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தால் விட்டுப்போகிறது. "உட்கார்ந்தா சரியாப் போகுதுங்க, அப்ப அது கேஸ்தான்" என்று நம்மாட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மை நேர் எதிர். வேலை செய்தால் வந்து, ஓய்வெடுத்தால் போகிற வலிதான் இதயத்தைப் பற்றி முதலில் சந்தேகப்பட வேண்டிய வலி.

இதயமும் ஒரு தசைதான். அதற்கென்று தனி ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் கொழுப்பு படிந்து வழி குறுகினால், சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். பாரம் தூக்கும்போது போதாது. உப்பு படிந்த சொட்டுநீர்க் குழாய் போலத்தான். ஒரு வரிசைக்குத் திறந்தால் தண்ணீர் வரும், எல்லா வரிசைக்கும் திறந்தால் கடைசிச் செடி காயும். இந்த வலிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஆஞ்சைனா.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் படுகிறது. எந்தக் கடனும் ஒரே நாளில் வாராக்கடன் ஆவதில்லை. முதலில் ஒரு தவணை தள்ளிப்போகும். அப்போதே ஆளைப் போய்ப் பார்த்தால் கணக்கைக் காப்பாற்றலாம். இந்த வலி அந்த முதல் தவணை. சிலருக்கு இந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நேராக மாரடைப்பே வந்துவிடும் என்பதால், கிடைத்தவர்கள் அதை வீணாக்கக் கூடாது.

எங்கள் பகுதியில் ஒரு விவசாயி, வயது ஐம்பத்தி சொச்சம். ஜீவாமிர்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்காட்டுக்கு ஏறும்போது, தினமும் அதே இடத்தில் நெஞ்சு இறுகும். ஓமத்தண்ணி, சோடா, பெருங்காயம் என்று இரண்டு மாதம் ஓட்டினார். சும்மா படுக்கவைத்து எடுத்த ஈசிஜி நார்மல். "ஏறும்போது வருது, நின்னா போகுது" என்று அவர் மனைவி விவரமாகச் சொன்ன பிறகுதான், டாக்டர் நடக்கவைத்துப் பார்க்கும் டிஎம்டி பரிசோதனைக்கு அனுப்பினார். அடைப்பு தெரிந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று தோட்டத்தில்தான் இருக்கிறார். ஒரு ஈசிஜி நார்மல் என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது. வலி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொருவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வலி வந்து வேர்த்துக் கொட்டியிருக்கிறது. "கரண்ட் போயிடும், மடையை மாத்திட்டு வந்துடறேன்" என்றார். மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்தை விட மனசில்லை. மோட்டார் ரூம் திண்ணையிலேயே முடிந்துபோனது.

எல்லா நெஞ்சுவலியும் இதயம் அல்ல. ஒரு இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கிறது, உடம்பைத் திருப்பினால் கூடுகிறது என்றால் தசைப்பிடிப்பாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்ததும் எரிச்சல் மேலே ஏறினால் அமிலமாக இருக்கலாம். இதய வலி பெரும்பாலும் ஊசி குத்துகிற மாதிரி இருக்காது. பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவும். பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலும் அசதியுமாக வரலாம். ஆகவே வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

வேலை செய்தால் வருகிறது, ஓய்வில் போகிறது என்றால் அந்த வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள். அதுவரை பாரம் தூக்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தும் விடவில்லை, அல்லது சும்மா இருக்கும்போதே வருகிறது, அல்லது வேர்வை, வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்து வருகிறது என்றால் உடனே 108. முன்பிருந்த வலி அடிக்கடி வர ஆரம்பித்தாலும், குறைந்த வேலைக்கே வந்தாலும் அதுவும் அவசரம்தான். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ரத்தம் நின்ற இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்; விடியட்டும் என்று காத்திருந்தால் செத்த தசை திரும்பி வராது.

பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று மலைக்க வேண்டாம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-ல் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என மூன்று வகையில் 14 மாத்திரைகளை முதல் மருந்தாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இதை அங்கே பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வாங்கி வீட்டில் வைத்து நாமே விழுங்குகிற சமாச்சாரம் இல்லை. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஸ்டென்ட் சிகிச்சையும் அதில் அடங்கும்.

நம் இயக்கத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை. "நஞ்சில்லாத சோறு சாப்பிடறோம், நமக்கெதுக்கு வரப்போகுது" என்ற எண்ணம் நமக்குள் இருக்கிறது. நல்ல சாப்பாடு ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சிறு வயதிலேயே மாரடைப்பு வந்த குடும்பம், சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடி, வாயில் அடக்குகிற புகையிலை, இதெல்லாம் அரிசி எந்த ரகம் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

என்னைப்போல முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு விவசாயத்துக்கு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மண்வெட்டியைத் தொடுமுன் அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடுங்கள். முதல் வாரத்திலேயே முழுநாள் வேலை வேண்டாம். உச்சி வெயிலில் குழி தோண்டாதீர்கள். சூடும் நீர்க்குறைவும் இதயத்துக்குக் கூடுதல் சுமை.

செல்போனைச் சட்டையோடு மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டுக் காட்டுக்குள் போகிற பழக்கத்தை விடுங்கள், இடுப்பிலேயே இருக்கட்டும். 108, ஊர் பெயர், தார்ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தின் அடையாளம், இவற்றை மோட்டார் ரூம் கதவில் பெரிதாக எழுதுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆம்புலன்ஸ் வரும்போது ஒரு ஆள் தார்ரோட்டில் போய் நிற்க வேண்டும். நம் வண்டித்தடம் டிரைவருக்குத் தெரியாது.