உங்களுக்குத் தெரியுமா? மெமரி கார்டைக் கணினி கண்டறியும் விதம்
மடிக்கணினியின் எஸ்டி கார்டு செருகுவாயில் பொதுவாக ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். கார்டு நுழைந்ததும் அது நிலை மாறி, இயங்குதளத்துக்குத் தகவல் தரும். யூ.எஸ்.பி. கார்டு ரீடர் அப்படியல்ல. கார்டு இல்லாதபோதும் ரீடர் கணினியோடு இணைந்தே இருப்பதால், உள்ளே கார்டு வந்துவிட்டதா என்று இயங்குதளம் அவ்வப்போது கேட்டறிகிறது. லினக்ஸில் 2011-இல் வெளியான 2.6.38 பதிப்பு முதல் கெர்னலே இதைச் செய்ய முடியும்.

அடுத்து கார்டின் கொள்ளளவு, பகிர்வு அட்டவணை, கோப்பு முறைமை ஆகியவை வரிசையாகப் படிக்கப்படுகின்றன. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. அதை அறியாத பழைய இயங்குதளங்களில், கார்டு பழுதின்றி இருந்தாலும் கோப்புகள் திறக்காது. லினக்ஸ் கெர்னலில் எக்ஸ்ஃபேட் ஆதரவு 2019-இல், 5.4 பதிப்பில் சேர்ந்தது.